‘இன்’ என்னும் முன்னொட்டு

நாற்பது வயதை நெருங்கியபின் ஒரு மொழியைக் கற்க விரும்புவோர் விடியற்காலையில் கற்பது நலம். அந்நேரத்தில் மாடுகள் அமைதியாக இருக்கும். மனைவியும் அமைதியாக இருப்பாள். ஒரு நாளைக்கு ஐந்து சொற்கள் போதும். ஆறாவது சொல்லைக் கற்றால் முதற்சொல் மறந்துபோகும். இது நான் அனுபவத்தில் கண்டது.

கொமிசேர் அவர்களே, நடந்ததை நடந்தபடி எழுதித் தருமாறு துபாஷி மூலமாகக் கேட்டுக்கொண்டீர்கள். பன்னிரண்டு தாள்களும் ஒரு மைக்கூடும் கொடுத்தீர்கள். மை நன்றாக இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதவும் எனக்குத் தடையில்லை. ஆயினும் இந்தக் காவல் நிலையத்தில் அதைப் படிக்கக்கூடியவர் என்னைத் தவிர எவரும் இல்லை என்று அறிந்து தமிழிலேயே எழுதுகிறேன். துபாஷி அவர்கள் இதைப் பிரெஞ்சில் பெயர்க்கும்போது ஒவ்வொரு சொல்லையும் நிதானமாகப் பார்த்துப் பெயர்க்க வேண்டுகிறேன். மொழிபெயர்ப்பு பொறுப்பான வேலை.

என் பெயர் மணவாளன். வயது நாற்பத்து நான்கு. ஊர் கிருமாம்பாக்கம். தொழில் வேளாண்மை, நெல்லும் கரும்பும். மனைவி தையலம்மாள். எங்களுக்கு ஒரே மகள், தனக்கொடி. அவளைக் கரியமாணிக்கத்துச் சுப்பராயலுவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். என்மேல் புகார் எழுதிக் கொடுத்திருப்பவர் அந்தச் சுப்பராயலுதான். புகாரில் ஏழு எழுத்துப்பிழைகள் உள்ளன. அவற்றை நான் பெரிதுபடுத்தவில்லை.

நான் ஆங்கிலம் கற்கத் தொடங்கிய காரணத்தை முதலில் கூற வேண்டும். ஐந்தாண்டுகளுக்கு முன் கடலூர் ரயிலடியில் ஒரு மழைநாளில் ஒதுங்க இடம் தேடினேன். இரண்டு அறைகள் இருந்தன. இரண்டின் மேலும் ஆங்கிலப் பலகைகள் இருந்தன. நான் ஒன்றில் நுழைந்தேன். உள்ளே பதினோரு பெண்கள் அமர்ந்திருந்தார்கள். டிக்கெட் பரிசோதகர் என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து, “எந்த ஊருய்யா நீ?” என்றார். சொன்னேன். “பிரெஞ்சுக்காரன் ஊர்ல ஆம்பள பொம்பள வித்தியாசமே கெடையாதா?” என்றார். பதினோரு பெண்களும் சிரித்தார்கள். மழையைவிடச் சிரிப்பு அதிகமாக நனைத்தது என்று சொன்னால் அது உருவகம் ஆகும்.

அன்றே அவ்வூர்ப் பழைய தாள் கடையில் ஒரு நூலை வாங்கினேன். அதற்கு அட்டை இல்லை. முதல் பதினெட்டுப் பக்கங்கள் இல்லை. ஆகையால் நூலின் பெயரையோ ஆசிரியரின் பெயரையோ நான் அறியேன். அதில் ஒவ்வோர் அரிய ஆங்கிலச் சொல்லும், அதன் தமிழ்ப் பொருளும், ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் இருந்தன. எழுத்துகளை எனக்குக் கற்பித்தவர் வீரப்பன் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர். அவருக்கு எழுத்தின் ஓசை தெரியும், பொருள் தெரியாது. ஏழு மாதத்தில் எனக்கு இரண்டும் தெரிந்தன.

சொற்களை மனத்தில் நிறுத்துவதற்கு நான் ஒரு முறையைக் கண்டுபிடித்தேன். நூலில் உள்ள வாக்கியங்களில் வருவோர் எல்லாரும் நமக்கு அறிமுகமற்றவர்கள். ஆகவே நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, நம் ஊராரைக் கொண்டு வாக்கியங்கள் அமைத்தேன். ‘கார்புலன்ட்: பருத்த உடலையுடைய. எ-டு: எங்கள் மேர் பலராமன் கார்புலன்ட் ஆனவர்.’ கொம்யூன் சபையின் தலைவராகிய மேர் அவர்களுக்கே இதை ஒருநாள் ஆங்கிலத்தில் படித்துக் காட்டினேன். மிகவும் மகிழ்ந்து, எதிரே வந்தவர்களிடமெல்லாம் தாம் கார்புலன்ட் என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். ‘லொக்வேஷஸ்: ஓயாது பேசும் இயல்புடைய.’ இதற்கு எடுத்துக்காட்டாக அமைந்தவள் என் மனைவி.

தையலம்மாளுக்கு என் கல்வியில் நாட்டமில்லை. “கரும்புல பூச்சி வுழுந்து கெடக்குது. இவுரு வூட்டுல குந்திக்கினு அந்தப் பூச்சிக்கு இங்கிலீசுல பேரு தேடறாரு” என்று அண்டை வீட்டாரிடம் சொல்வாள். தனக்கொடி அப்படியல்ல. மணமாகுமுன் அவள்தான் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்பாள். எழுத்துக்கூட்டி ஆங்கிலம் வாசிக்கவும் கற்றுக்கொண்டாள். அவளிடம் ஒரே குறை, விளையாட்டுப் புத்தி.

நூலின் நடுவே முன்னொட்டுகளைப் பற்றிய பாடம் ஒன்று உண்டு. ‘இன் என்னும் முன்னொட்டு ஒரு சொல்லின் முன் வந்தால் இன்மைப் பொருளைத் தரும். விஸிபிள்: காணத்தக்க, இன்விஸிபிள்: காணவியலாத. இவ்விதிக்கு உரிய விலக்குகள் அடுத்த பக்கத்தில் தரப்பட்டுள்ளன.’ அடுத்த பக்கம் கிழிந்து போயிருந்தது. விதி தெளிவாக இருக்கையில் விலக்குகளைத் தேடிப் போவது சோம்பேறிகளின் வழக்கம் என்று கருதி மேலே படித்தேன்.

இந்தப் பாடத்தைத் தனக்கொடிக்கு விளக்கியபோது அவள் கேட்டாள்: “அப்பா, ‘இன்’ வந்தா இல்லன்னு அர்த்தம்னா, நம்ம இன்னாசி இருக்காரே, அவுரு மூக்கு இல்லாதவரா?”

நாசி என்றால் மூக்கு. இன்னாசி என்பவர் வில்லியனூர் மாதா கோயில் பங்கிலிருந்து வந்து எங்கள் தெருக்கோடியில் குடியேறிய கிறிஸ்தவர். அவருக்கு இருந்த மூக்கு மூவருக்குப் போதும். நான் சிரிக்கவில்லை, பாடம் நடக்கும்போது சிரித்தால் ஒழுங்கு கெடும். பிறகு மாட்டுக்கொட்டகையில் தனியாக இருந்தபோது சிரித்தேன்.

இன்னாசியின் மகள் பெயர் லூசி. அவள் கடலூரில் ஒரு வெள்ளைக்கார லேடி டாக்டர் நடத்திய பிரசவ விடுதியில் ஆறாண்டுகள் வேலை செய்தாள். அந்த அம்மையார் விடுதியை மூடிவிட்டுத் தம் நாட்டுக்குக் கப்பலேறியபோது, லூசிக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதே வருடம் எங்கள் கொம்யூனுக்குப் பயிற்சி பெற்ற மருத்துவச்சி ஒருத்தியை அமர்த்தலாம் என்று உத்தரவு வந்திருந்தது. லூசி கடிதத்தோடு மேரிடம் போனாள். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. “டவுனுக்கு அனுப்பிப் பேத்து வாங்கணும்னா ஒரு மாசம் ஆவும். நம்ம மணவாளனக் கூப்புடு” என்று மேர் ஆளனுப்பினார். சென்ற ஆண்டு ஜூன் பதினேழாம் தேதி, காலை பத்து மணி. வெள்ளைச் சட்டை அணிந்து மேர் வீட்டுக்குச் சென்றேன்.

அங்கே மேர் இருந்தார், அவருடைய எழுத்தர் இருந்தார், லூசியும் இன்னாசியும் நின்றுகொண்டிருந்தார்கள். வாசலில் பத்துப் பதினைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள்.

“படிப்பா மணவாளா. இன்னாதான் எழுதிக்கீறா அந்த வெள்ளக்காரி?” என்றார் மேர்.

நான் நின்றபடி உரத்த குரலில் வாசித்தேன். முதல் வாக்கியம் எளிது: லூசியைத் தாம் ஆறாண்டுகளாக அறிவதாக எழுதியிருந்தார். இரண்டாம் வாக்கியத்தில் லூசியின் பணி ‘இன்வேல்யுவபிள்’ என்றிருந்தது. இச்சொல் என் நூலில் இல்லை. ஆனால் ‘வேல்யுவபிள்: மதிப்புள்ள’ என்பது இருந்தது, விதியும் இருந்தது. மூன்றாம் வாக்கியம், கடினமான பிரசவங்களில் இப்பெண் ‘இன்டிஸ்பென்சபிள்’ என்று முடிந்தது. டிஸ்பென்சரி என்றால் மருந்து கொடுக்கும் இடம் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆகவே டிஸ்பென்ஸ் என்றால் மருந்து கொடுத்தல். முன்னே ‘இன்’ வருகிறது.

நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னேன்: “இவளுடைய பணி மதிப்பற்றது. கடினமான பிரசவங்களில் மருந்து கொடுக்கும் பொறுப்பை இவளிடம் ஒப்படைக்கலாகாது.”

வாசலில் நின்றவர்கள் மூச்சை உள்ளிழுத்த ஓசை எனக்குக் கேட்டது. ஒரு சொல்லுக்கு இத்தனை வலிமை உண்டு என்பதை அன்றுதான் நேரில் கண்டேன்.

லூசி ஓரடி முன்னே வந்தாள். “இல்லீங்கய்யா, வேற இன்னாவோ இருக்கும். திருப்பி ஒருக்கா பாருங்க. அந்தம்மா கப்பலேறச்சே என் கையப் புடிச்சிக்கினு அழுதாங்க.”

திருப்பியும் வாசித்தேன். இரண்டாம் முறை இன்னும் தெளிவாக வந்தது. அழுவோர் எல்லாரும் அன்பினால் அழுவதில்லை, வருத்தத்தினாலும் அழுவார்கள் என்று அவளுக்கு விளக்கினேன். இன்னாசி மகளின் கையைப் பிடித்தார். “வாம்மா போவலாம். அழுதுக்கினே கழுத்த அறுத்துட்டுப் போயிருக்கா. இத்த மூணு மாசமா பொட்டியில வச்சிப் பூட்டிக்கினு கெடந்தியே” என்றார்.

“நல்லவேள நீ இருந்த” என்று மேர் என்னிடம் சொன்னார். “இல்லன்னா நம்ம ஊட்டுப் பொம்பளைங்கள இவ கையில குடுத்திருப்போம்.”

மொழிபெயர்ப்பை எழுதிக் கையொப்பமிட்டேன். நகல் எடுக்க வேண்டுமென்று சொல்லிக் கடிதத்தை வாங்கிக்கொண்டேன். அவ்வளவு அழகான கையெழுத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. நகல் எடுக்கும் எண்ணம் உண்மையானதே.

இதுவரை நடந்தது பிழை. பிழைக்கும் குற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் அறிவேன். எர்ரர், க்ரைம், இரண்டுமே என் நோட்டில் உள்ளன. தாங்கள் நேற்று அந்த நோட்டை மேசைமேல் வைத்து விரலால் தொட்டுக்காட்டிய பக்கம் இதற்குப்பின் எழுதியது. அதற்கு வருகிறேன்.

பதினொரு நாள் கழித்து, ஜூன் இருபத்தெட்டாம் தேதி, கரும்பாலைக்கு ஓர் இரும்புப் பல்சக்கரம் வாங்கக் கடலூர் சென்றேன். அங்கே ஒரு வாசகசாலையில் பெரிய அகராதி ஒன்று மேசையோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டு இருக்கிறது. நான் ஊரார்முன் விளக்கிய இரண்டு சொற்களும் அச்சில் எப்படித் தோன்றும் என்று காண ஆசை உண்டாயிற்று. பார்த்தேன். இன்வேல்யுவபிள்: விலைமதிப்பற்ற, விலைமதிக்க முடியாத அளவுக்கு உயர்ந்த. இன்டிஸ்பென்சபிள்: இன்றியமையாத.

கொமிசேர் அவர்களே, முதலில் எனக்கு உண்டானது மகிழ்ச்சி என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. இரண்டு புதிய சொற்கள். மேலும் தமிழிலும் இதே விந்தை இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். ‘மதிப்பற்றது’ என்றால் குப்பை. முன்னே ‘விலை’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் அதுவே மாணிக்கம். ‘இன்றியமையாதது’ என்னும் சொல்லில் இரண்டு எதிர்மறைகள் ஒன்றையொன்று தின்றுவிட்டுப் பொருளை நேராக்கி வைக்கின்றன. இவ்வளவு அழகை என் தாய்மொழியிலேயே நாற்பத்து மூன்று வருடம் காணாதிருந்தேன். அந்த மகிழ்ச்சியில் பக்கத்து ஓட்டலில் வழக்கத்தைவிட இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டேன். பிறகு நோட்டை எடுத்து, தாங்கள் தொட்டுக்காட்டிய அப்பக்கத்தை எழுதினேன். ‘இன்வேல்யுவபிள்: விலைமதிப்பற்ற. எ-டு: லூசியின் பணி இன்வேல்யுவபிள். இன்டிஸ்பென்சபிள்: இன்றியமையாத. எ-டு: கடினமான பிரசவங்களில் லூசி இன்டிஸ்பென்சபிள்.’ கீழே தேதியும் இட்டேன். நோட்டில் நான் ஒருபோதும் பொய் எழுதியதில்லை.

மறுநாளே மேரிடம் சொல்லிவிட எண்ணியிருந்தேன். மறுநாள் பல்சக்கரம் பொருந்தவில்லை. அதற்கடுத்த நாள் மேர் வீட்டுக்குப் போனேன். அங்கே விருந்தினர் நால்வர் இருந்தார்கள். “இவர்தான்யா மணவாளன். இங்கிலீசுல எழுதியிருந்த சூதக் கண்டுபுடிச்சி ஊரக் காப்பாத்தினவரு” என்று மேர் என்னை அவர்களுக்குக் காட்டினார். நால்வரும் எழுந்து நின்றார்கள். ஐம்பது ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் எனக்காக எழுந்து நின்றார். அந்தச் சூழ்நிலையில் சொல்வது விருந்தினருக்கு மரியாதை ஆகாது என்று திரும்பிவிட்டேன்.

பின்னர் ஆற அமர யோசித்தேன். நான்கு ஆண்டுகளில் இந்த ஊராருக்கு ஏறக்குறைய இருநூறு கடிதங்கள் படித்துக் கொடுத்திருக்கிறேன். ரங்கூனிலிருந்து வந்தவை, கடலூர்க் கச்சேரியிலிருந்து வந்தவை, மருமகன் எழுதியவை, மாமனார் எழுதியவை. ஒரு சொல்லில் நான் தவறினேன் என்று தெரிந்தால் இருநூறு கடிதங்களும் சந்தேகத்துக்கு இடமாகும். இருநூறு குடும்பங்கள் நிம்மதி இழக்கும். ஒருத்தியின் வேலையைவிட இருநூறு குடும்பங்களின் நிம்மதி பெரிது. இந்த வாதத்தில் பிழை உண்டா என்று பலமுறை பார்த்தேன், இல்லை.

லூசி ஒருநாள் வயலுக்கே வந்தாள். “காயிதத்தயாவது குடுங்கய்யா. கடலூர்ல வேற யாராண்டயாவது காட்டிப் பாக்கறேன்” என்றாள்.

கரையான் அரித்துவிட்டது என்றேன். அது அப்போது என் நோட்டின் நடுவே பத்திரமாக, மடிப்புக் கலையாமல் இருந்தது.

“சரிங்கய்யா. கரையானுக்குப் படிக்கவா தெரியும்” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். பின்னர் அவள் கரும்பு வெட்டும் வேலைக்குப் போகத் தொடங்கினாள். என் வயலுக்கும் வந்தாள். நன்றாகவே வெட்டினாள்.

அக்டோபரில் செல்லக்கண்ணுவின் மனைவி ஆண்டாள் பிரசவத்தில் இறந்தாள். பார்த்தவள் ஊரின் பழைய மருத்துவச்சி மணியம்மாள். இத்தகைய சாவுகள் எல்லா ஊர்களிலும் எல்லாக் காலத்திலும் நிகழ்கின்றன. நான் சுடுகாடு வரை சென்றேன், மாலையும் போட்டேன்.

டிசம்பரில் தனக்கொடி தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்தாள். எட்டு மாதம். காலை வேளைகளில் பழையபடி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டாள். மணமானபின் ஓராண்டு எதையும் படிக்காதவள், எல்லாச் சொற்களையும் நினைவில் வைத்திருந்தாள். ஒருநாள் அவள் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றாள். நடுவில் மடித்து வைத்த தாள் ஒன்றும் அவள் மடியில் விழுந்தது. அதைத் திரும்ப உள்ளே வைத்து நோட்டை மூடினாள்.

“போதும்ப்பா இன்னிக்கி” என்றாள்.

“ஏன், களைப்பா?” என்றேன்.

“ஆமாம்ப்பா” என்றாள். அதன்பிறகு நோட்டை எடுக்கவில்லை. கர்ப்பிணிகளுக்குக் களைப்பு இயல்பு.

ஜனவரி இருபத்தைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை விடிந்ததும் வலி கண்டது. மணியம்மாள் வந்தாள். பதினோரு மணிக்கு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, “புள்ள குறுக்கால கெடக்குதும்மா. என்னால ஆவாது போலக்கீது” என்று தையலம்மாளிடம் சொன்னாள். அந்த நேர்மையை நான் பாராட்டுகிறேன். தன் எல்லையை அறிந்து சொல்வது எளிதல்ல.

என் மனைவி என்னிடம் ஓடிவந்தாள். “இன்னாசி மவளக் கூப்புடுங்க.”

“அவளைப் பற்றி என்ன எழுதியிருந்தது என்று தெரியாதா உனக்கு?” என்றேன்.

“காயிதத்துல இன்னா எழுதியிருந்தா இன்னாங்க? ஆறு வருசமா அது எத்தினிப் புள்ள எடுத்திருக்கும்! என் பொண்ணு துடிக்கிது. நீங்க போய்க் கூப்புடறீங்களா, நான் போவட்டுமா?”

“நீ அவள் பக்கத்தை விட்டு நகராதே. நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். என்னை நம்பி உள்ளே போனாள்.

நான் பார்த்துக்கொண்டதை இங்கே விவரிக்கிறேன். வண்டியைப் பூட்டச் சொல்லி, பட்டணத்திலிருந்து டாக்டரை அழைத்துவர ஆளனுப்பினேன். காளைகளை நிறுத்தாமல் ஓட்டும்படி கண்டிப்பாகச் சொன்னேன். பட்டணம் போக மூன்று மணி நேரம். டாக்டர் காரில் திரும்பினால் ஐந்து மணிக்குள் வந்துவிடலாம். லூசியின் வீடு கூப்பிடு தூரம். அன்று அவள் கரும்பு வெட்டப் போகாமல் வீட்டிலிருந்தாள் என்பதும் எனக்குத் தெரியும்.

இவ்விடத்தில் துபாஷி அவர்கள் நேற்று, “மகளுக்குக்கூடவா?” என்று கேட்டார். கேள்வி உணர்ச்சிவசப்பட்டது, விடை எளியது. கடினமான பிரசவங்களில் இவளிடம் பொறுப்பை ஒப்படைக்கலாகாது என்று என் கையொப்பத்துடன் ஒரு தாள் கொம்யூன் அலுவலகத்தில் இருக்கிறது. கடினமான ஒரு பிரசவத்துக்கு நானே அவளை அழைத்தால் அந்தத் தாளின் கதி என்ன? ஊராருக்கு ஒரு விதி, தன் வீட்டுக்கு ஒரு விதி என்று வாழ்பவன் நான் அல்லன்.

இரண்டு மணிக்கு லூசி தானாகவே வந்தாள். யார் சொன்னார்களோ தெரியாது. கையில் துணிப்பை, அதில் அவளுடைய சாமான்கள். முகத்தைக் கழுவித் தலையை இறுக முடிந்திருந்தாள். நான் வாசற்கதவை என் பின்னே சாத்திக்கொண்டு படியில் நின்றேன்.

“ஐயா, தனக்கொடிக்கு முடியலன்னு கேள்விப்பட்டேன். நான் மருந்து எதுவும் குடுக்க மாட்டேங்கய்யா. காயிதத்துல வேணாம்னு போட்டிருந்தா வேணாம். கைய மட்டும் வச்சிப் பாக்கறேன். புள்ள குறுக்கால கெடந்தா திருப்பி வுட்டுடலாம். நான் திருப்பியிருக்கேன்.”

அந்நேரம் உள்ளே சத்தம் இல்லை. தனக்கொடி கத்திக் களைத்திருந்தாள்.

“பிறந்துவிட்டது” என்றேன். “தாயும் சேயும் நலம்.”

லூசியின் முகம் முழுவதும் மலர்ந்தது. “ஆண்டவரே, தோத்திரம்! இன்னாப் புள்ளங்கய்யா?”

“பெண்” என்றேன்.

“தனக்கொடி மாரியே வாயாடியா வரட்டும்” என்று சொல்லிவிட்டுத் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். தெருமுனை வரை இரண்டு மூன்று பேரிடம் நின்று நல்ல செய்தியைச் சொல்லிக்கொண்டே போனாள். அதனால்தான் வேறு யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஐந்தரை மணிக்கு டாக்டர் வந்தார். அதற்குள் நாலேகால் மணிக்கே எல்லாம் முடிந்திருந்தது. குழந்தையும் பிழைக்கவில்லை, அது ஆண். இரண்டு மணிக்குப் பயிற்சி பெற்ற கை ஒன்று இருந்திருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். ‘இருந்திருந்தால்’ என்பது நிபந்தனை எச்சம். ஒரு நிபந்தனை வாக்கியத்தைச் சாட்சியமாகக் கொள்ளலாமா என்பதைத் தாங்கள் யோசிக்க வேண்டும். எனினும் நான் அதை மறுக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சுப்பராயலு மனைவியின் பொருள்களை எடுத்துச் செல்ல வந்து, அவற்றோடு என் நோட்டையும் எடுத்துச் சென்றார். நடுவிலிருந்த கடிதத்தைக் கடலூரில் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பொருள் அறிந்தார். பிறகு லூசியிடம் போய்ப் பேசினார். மீதி தங்களுக்குத் தெரியும்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். கடிதத்தின் பொருள் எனக்குத் தெரியும். ஜூன் இருபத்தெட்டு முதல் தெரியும். கடிதத்தை ஒளித்தவன் நான். ஆண்டாள் இறந்தபோதும் தெரிந்தே வாய்மூடி இருந்தேன். என் மகளைக் காப்பாற்ற வந்தவளை வாசலிலேயே பொய் சொல்லித் திருப்பி அனுப்பியவன் நான். இவற்றுக்குக் காரணம் கல் மனம் என்று சுப்பராயலு எழுதியிருக்கிறார். அது சரியான சொல் அன்று. நான் எவருக்கும் தீங்கு நினைத்தவன் அல்லன். யாராவது ஒரே ஒருவர் என் முகத்துக்கு நேராக, ‘அந்தச் சொல்லுக்கு உண்மையான பொருள் என்ன?’ என்று கேட்டிருந்தால் மறைத்திருக்க மாட்டேன். ஒருவரும் கேட்கவில்லை.

தாள் முடியப்போகிறது. முழுமைக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டும். சுப்பராயலுவின் புகாரில் இது இல்லை, ஏனெனில் அறிந்தவர்கள் நாங்கள் இருவரே.

மூன்று மணி இருக்கும். தையலம்மாள் வெந்நீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போயிருந்தாள். மணியம்மாள் மூலையில் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தனக்கொடி என்னை அழைத்தாள். ஆண்கள் அந்த அறைக்குள் போகும் வழக்கம் இல்லை. ஆகையால் சன்னலுக்கு வெளியே நின்றேன். கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

“அப்பா” என்றாள். “லூசி வந்துச்சா?”

“வரவில்லை” என்றேன்.

சிறிது நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு, “அந்தக் காயிதத்துல இருந்த வார்த்தைக்கு, நீ அன்னிக்கி மேர் வூட்டாண்ட சொன்னியே, நெசமாவே அதானாப்பா அர்த்தம்?” என்று கேட்டாள். என் கண்ணையே பார்த்துக்கொண்டு கேட்டாள். நோட்டை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும்போதும் அப்படித்தான் பார்ப்பாள்; விடை அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அத்தகைய நேரங்களில் நாங்கள் ஆங்கிலத்திலேயே விடை சொல்வது வழக்கம். “யெஸ்” என்றேன். நான் கற்ற சொற்களுள் ஒருமுறைகூடத் தவறாகப் பயன்படுத்தாத சொல் அது.